யாரோ ஒருவர் பெயரில் தபால்

கேள்வி: தஞ்சாவூரில் எனக்கொரு சொந்த வீடு. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்து ஓராண்டு ஆகிறது. இப்போது முன்பின் தெரியாத ஒருவர் பெயருக்கு வங்கிக் கடிதங்களாக வருகின்றன. பிரித்துப் பார்க்கலாமா? கடனுக்காக வீட்டில் கை வைப்பார்களா?

பதில்: பிரிக்காதீர்கள். உறையில் உங்கள் முகவரியின் மேல் மட்டும் ஒரு கோடு போட்டு, "இப்பெயரில் இங்கு யாரும் இல்லை, அனுப்பியவருக்குத் திருப்பவும்" என்று எழுதி, தேதி போட்டுத் தபால்காரரிடம் கொடுங்கள். அனுப்பியவர் முகவரியை அடித்துவிட்டால் உறை எங்கும் திரும்பாது. கொடுக்குமுன் இரு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஸ்பீடு போஸ்ட் வந்தால் கையெழுத்தே போடாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பாவம் என்று வாங்கி வைத்தால், கடிதம் உரியவரிடம் சேர்ந்ததாகப் பதிவாகிவிடும், வங்கி அதே முகவரிக்குத்தான் மேலும் அனுப்பும்.

கடன் வாங்கியவரைச் சேரும், முகவரியைச் சேராது. வீட்டின் மேல் அடமானம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (வீட்டின் மேல் பதிவான அடமானம், விற்பனை விவரம்) போட்டுப் பாருங்கள், காசு கிடையாது.

கோர்ட் சம்மனோடு அமீனா (அதைக் கொண்டுவரும் கோர்ட் ஊழியர்) வந்தால் ஒதுங்க வேண்டாம். ஆள் அங்கே குடியில்லை என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போக வாய்ப்புண்டு. அந்நியர் பெயர் உங்கள் கதவு எண்ணில் வாக்காளர் பட்டியலில் இருந்தால், அதை நீக்கக் கோரும் படிவம் 7 கொடுங்கள். ஜிஎஸ்டி கடிதம் வந்தால் மட்டும் தாமதம் கூடாது. உங்கள் முகவரியில் யாரோ கம்பெனி பதிந்திருக்கலாம். வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீதோடு வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.