சினூக் சீசன் மூடிய பிறகும் ஆற்றில் வலை ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் உரிமம் எடுத்து, படகில் போய் ப்யூஜெட் சவுண்ட் கடல் நுழைவாயில் சாமன் மீன் பிடிக்கிறேன். அறிவித்த தேதிக்கு முன்பே சினூக் என்ற சாமன் வகைக்கான சீசனை மூடிவிட்டார்கள். அதே வாரம் ஒரு ஆற்று முகத்துவாரத்தில் பழங்குடியினர் வலை போட்டிருந்தார்கள். மீனைப் பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் பாதிக்குப் பாதி பங்கிடுவது என்றால் இது எப்படி?

பதில்: அந்தப் பாதியை ஒரு வாரத்தை வைத்தோ ஓர் இடத்தை வைத்தோ கணக்கிடுவதில்லை. அமெரிக்க அரசுடன் செய்த 1854-55 ஒப்பந்தங்களில் பழங்குடியினர் நிலத்தைக் கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அது அரசு தந்த சலுகை அல்ல. அறுவடைக்குரிய மீனில் பாதிவரை அவர்களுக்கு என்று 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றம் பெரும்பகுதியை உறுதி செய்தது. சடங்குக்கும் வீட்டு உணவுக்கும் பிடிப்பதையும் அந்தப் பங்கிலேயே சேர்க்கச் சொன்னது.

'அறுவடைக்குரிய' என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஓர் ஆற்றுக்கு 20,000 மீன் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள், முட்டையிட 8,000 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 12,000ஐத்தான் பங்கிட முடியும், ஒவ்வொரு தரப்புக்கும் 6,000. பழங்குடி அல்லாதவர் பங்கில் நீங்கள் மட்டும் இல்லை, வணிகப் படகுகளும் உண்டு.

உங்கள் சீசனை மூடவைப்பது பெரும்பாலும் இந்தப் பாதி அல்ல, நலிந்த ஆறுகள். கடலில் எல்லா ஆற்று மீனும் கலந்தே திரிகிறது. உங்கள் கொக்கியில் சிக்குவது நிறைய மீன் வரும் ஆற்றினுடையதா, சில நூறே திரும்பும் ஸ்டில்லகுவாமிஷ் போன்ற ஆற்றினுடையதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ப்யூஜெட் சவுண்ட் சினூக் 1999 முதல் கூட்டரசுச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஆற்று முகத்துவார வலையில் பெரும்பாலும் அந்த ஆற்றுக்கே திரும்பும் மீன்தான் விழும். அதனால் கடல் மூடியிருக்கும்போது ஆறு திறந்திருக்க நியாயம் உண்டு.

இன்னொன்று, நீங்கள் விட்டுவிடும் மீனும் கணக்கில் வரும். விட்டவற்றில் ஒரு பங்கு செத்துவிடும். அதனால் சில பகுதிகளில் சிறிய மீனும் காட்டு மீனும் எத்தனை சிக்கின என்பதற்கே வரம்பு உண்டு. சீசன் தேதிக்கு முன் மூட அதுவே போதும்.

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் சிறிய சதைத்துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது வெட்டப்பட்டு ஆறிய தழும்பு இருந்தால், பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து விடப்பட்ட மீன். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன் என்று கருதி, படகுக்குள் தூக்காமல், தண்ணீரில் வைத்தே குறடால் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். எதிர்முள் இல்லாத கொக்கி கட்டாயம். அது சீக்கிரம் கழன்றுவரும். முடிச்சில்லாத கைவலையே பயன்படுத்துங்கள், முடிச்சு செதிலை உரிக்கும். சின்ன மீனே தொடர்ந்து கடித்தால் இடத்தையோ ஆழத்தையோ மாற்றுங்கள். வைத்துக்கொள்ளும் சினூக்கை உடனே பதிவு அட்டையில் எழுதுங்கள்.

படகுத்துறையில் மீன் கணக்கெடுப்பவர் கேட்டால் விட்ட மீனையும் மறைக்காமல் சொல்லுங்கள். மீன் தலையைக் கருவியால் சோதிப்பார்; மூக்கில் நுண்ணிய கம்பிக் குறி இருந்தால் எந்தப் பொரிப்பகத்தினது என்று தெரியும். இந்தத் தகவல் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் கணிப்பே பிசகும்.

விதி நடுவில் மாறும். கிளம்பும் காலையில் மாநில மீன் துறையின் அவசர விதிகளைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பகுதிக்காகப் பேச வேண்டுமானால் 'நார்த் ஆஃப் ஃபால்கன்' கூட்டங்களுக்குப் போங்கள். மார்ச் முதல் ஏப்ரல்வரை மாநிலமும் பழங்குடிகளும் அந்த ஆண்டுச் சீசன்களை அங்கேதான் முடிவுசெய்கிறார்கள். 'எங்களுக்கும் நாள் வேண்டும்' என்பதைவிட, எந்தப் பகுதியில் எந்த வாரம் சிறிய மீன் குறைவு என்று சொல்வது அங்கே எடுபடும்.