ஒரு டாலர் உறுப்பினர்

அன்புள்ள சார்,

உங்கள் பிஜி பயணக் குறிப்புகளைப் படித்தேன். கடல் பகுதிகள் பிரமாதம். ஆனால் தலைநகர் சுவாவின் யாட் கிளப்பில், அதாவது உல்லாசப் படகுக்காரர்களின் சங்கத்தில், உங்களை வீட்டு மனுஷன் மாதிரி நடத்தினார்கள் என்று எழுதிய இடம் மட்டும் எனக்கு இறங்கவில்லை. பெயரிலேயே ‘ராயல்’ இருக்கிறது. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. கிளப் என்பதே மற்றவர்களை வாசலில் நிறுத்துவதற்காகக் கட்டியதுதானே? படகு வைத்திருக்கும் பணக்காரர் இன்னொரு பணக்காரரை வரவேற்பதில் என்ன பெருமை? இன்னொன்றும் கேட்க வேண்டும். படகு இல்லாத என்னைப் போன்றவர்கள் அப்படி ஒரு பயணம் போக வழி உண்டா?

மு., தூத்துக்குடி

அன்புள்ள மு.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு, கடலோடி வருகிறவனுக்கு யாட் கிளப் எதற்குத் தேவைப்படுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நியூசிலாந்தின் ஓபுவா துறைமுகத்திலிருந்து சுவா சுமார் 1,100 கடல் மைல். பாய்மரப் படகில், காற்றைப் பொறுத்து, எட்டுப் பத்து நாள் ஆகும். வந்து சேர்ந்ததும் கரையில் குதித்துவிட முடியாது. இன்னும் சோதனை முடியாத படகு என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டு, சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் என்று அதிகாரிகள் வந்து பார்த்து முடிக்கிறவரை படகிலேயே கிடக்க வேண்டும். அதற்குள் குடிதண்ணீர்த் தொட்டி அடிமட்டத்துக்கு வந்திருக்கும். துணியெல்லாம் உப்பு. குப்பை மூட்டையின் நாற்றம் தனி. அந்த நேரத்தில் மனிதனுக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயங்கள்: கரைக்கு வந்துபோகும் குட்டிப் படகான டிங்கியைக் கட்டிவைக்க ஒரு துறை, நல்ல தண்ணீரில் ஒரு குளியல், குப்பையைப் போட ஒரு தொட்டி, டீசல் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வருவார் என்று சொல்ல ஓர் ஆள். சுவாவில் இவையெல்லாம் அந்த கிளப்பில்தான் கிடைத்தன. வெளிநாட்டுப் படகில் வருகிறவர்களைக் கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு தற்காலிக உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் ‘நீ யார், என்ன சம்பளம்’ என்று யாரும் கேட்பதில்லை. ‘வழியில் காற்று எப்படி இருந்தது’ என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் கருணை மட்டும் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். இன்று என் கயிற்றை வாங்கிக் கட்டுகிறவர் அடுத்த பருவத்தில் வேறொரு நாட்டின் துறையில் கயிற்றை வீசி எறிந்துவிட்டு நிற்பார். அங்கே யாராவது பிடிக்க வேண்டும். பல நாட்டு யாட் கிளப்கள் ஒன்றின் உறுப்பினரை இன்னொன்று விருந்தினராக ஏற்பதாக ஒப்பந்தமே செய்துகொள்வது இதனால்தான். கூடவே பாரில் பியர் விற்க வேண்டும். பத்து நாள் கடலில் கிடந்தவனைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பான்?

வேட்டி விஷயம். நீங்கள் சொல்லும் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பிஜியில் ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சுலு, அலுவலகத்துக்கும் சர்ச்சுக்கும் உரிய முறையான உடை. மேலே சட்டை, டை, கீழே சுலு. போலீஸ்காரர்களின் சீருடையில்கூட அது உண்டு. கால்சட்டை போட்டால்தான் கனவான் என்று அங்கே போய் யாரும் வாதாட முடியாது.

பிஜியில் உங்கள் கோபத்துக்கு நேர் எதிரான ஒரு கிளப்பும் இருக்கிறது. பிஜியின் பெரிய தீவான விட்டி லெவுவுக்கு மேற்கே, மலோலோ லைலை என்ற குட்டித் தீவில் உள்ள மஸ்கெட் கோவ் யாட் கிளப். அதில் ஆயுள் உறுப்பினராக வேண்டுமென்றால் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றிலிருந்து படகில் பிஜிக்கு வந்திருக்க வேண்டும். கேப்டனுக்கான கட்டணம் ஒரு டாலர் என்று பல காலம் இருந்தது. விமானத்தில் வந்து இறங்கும் கோடீஸ்வரர் எவ்வளவு நீட்டினாலும் கிடைக்காது. கசியும் பழைய படகில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவருக்குக் கிடைக்கும். சாயங்காலம் அங்குள்ள தீவு பாரில் அடுப்பில் நெருப்பு தயாராக இருக்கும். நாம் கறியோ மீனோ கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருப்பவர் ஓய்வுபெற்ற டாக்டரா, வேலையை விட்டுவிட்டு வந்த தச்சரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லோருடைய சட்டையும் ஒரே அளவுக்கு வெளுத்திருக்கும்.

இனி, நீங்கள் சொல்வது சரியாக இருக்கும் பாதி. அந்த விதியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பக்கத்துத் தீவில் பிறந்து, அந்தப் பவளப்பாறைகளின் இடுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படகோட்டத் தெரிந்த மீனவருக்கும் உறுப்பினராகும் தகுதி கிடையாது. அவர் வெளிநாட்டிலிருந்து வரவில்லையே! பழைய படகானாலும், அதை வாங்கி மாதக்கணக்கில் வேலை இல்லாமல் சுற்ற ஒரு வசதி வேண்டும். அந்த வசதியோடு நல்ல பாஸ்போர்ட்டும் வேண்டும். பணம் அங்கே பேச்சில் வராததற்குக் காரணம், வாசல்வரை வந்தவர்களிடம் ஏற்கெனவே ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்பதுதான்.

கடல்வழியாக பிஜிக்கு வந்த எல்லோருக்கும் குளியலும் பியரும் கிடைத்துவிடவில்லை. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. வந்தவர்களைச் சுவாவுக்குக் கிழக்கே நுகுலாவ் என்ற சிறு தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோட்டம் தோட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். நாங்களும் மஞ்சள் கொடியோடு காத்திருந்தோம்தான், ஆனால் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு படகு இருந்தது. சுவாவில் எங்களைச் சந்தைக்கு அழைத்துப்போன டாக்சிக்காரரின் குடும்பப் பெயர் கவுண்டர். தமிழ் தெரியாது, பிஜி இந்திதான் பேசினார். யாட் கிளப்புக்குள் போனதுண்டா என்று கேட்டேன். ‘வாசல்வரை தினமும்’ என்றார்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. வழி உண்டு. நானும் படகு இல்லாதவன்தான், நண்பர் படகில் சமையலுக்குப் போனேன். நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் பிஜியிலிருந்து பல படகுகள் நியூசிலாந்துக்குக் கிளம்பும். இரவுக் காவலுக்கு ஆள் பற்றாக்குறை இருக்கும். கிளப்களின் அறிவிப்புப் பலகையில் ‘ஆள் தேவை’ என்ற சீட்டுகளைப் பார்க்கலாம், நீங்களும் ஒன்று எழுதி ஒட்டலாம். ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு இறங்கப்போகும் நாட்டின் விசாவை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். அங்கிருந்து வெளியேற விமான டிக்கெட்டும் கையில் இருக்கட்டும், குடியேற்ற அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார். படகில் ஏறுமுன் கேப்டனோடு ஒருநாள் கடலுக்குள் போய்வாருங்கள். கத்துகிற ஆளா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கத்துகிற ஆளென்றால், எவ்வளவு நல்ல படகானாலும் ஏறாதீர்கள்.