பட்டறைப் பதில்கள்: கூம்பு பில்டர் போட்டால் இழுவை கூடுமா?

அண்ணாச்சி, ராதாபுரம் பக்கத்துக் குவாரியிலிருந்து நாகர்கோவிலுக்கு எம்-சாண்ட் அடிக்கிறேன். 2018 மாடல் டிப்பர். லோடோடு மேடு ஏறினால் திணறுகிறது, கரும்புகையும் தள்ளுகிறது. கம்பெனி ஏர் பில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு பில்டர் மாட்டினால் பிக்கப், மைலேஜ் இரண்டும் கூடும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். மாட்டலாமா?
*- ஒரு வாசகர், வள்ளியூர்*

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், டயருக்கு ஆகும்.

டீசல் வண்டியின் இழுவை, எவ்வளவு டீசல் பீய்ச்சுகிறது என்பதில் இருக்கிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போவும் பில்டரும் நன்றாக இருந்தால் அதற்கு வேண்டிய காற்று தாராளமாகவே போகும். கூம்பு மாட்டியதும் டர்போ விசில் கேபினுக்குள் கேட்கும். அந்தச் சத்தத்தில் வண்டி பறக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, கம்பெனிக்காரன் காற்றுக்குழாயைக் கேபினுக்குப் பின்னால் உயரத்தில் நிறுத்தியிருப்பது காரணத்தோடுதான்: அங்கே புழுதியும் சூடும் குறைவு. கூம்பு இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து சூட்டுக் காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி, அங்கே 65 டிகிரி என்றால் ஏறக்குறைய 9 சதவீதம் காற்று அடர்த்தி போச்சு.

அதைவிட எனக்குக் கவலை உங்கள் புழுதிதான். ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். நீங்கள் நிற்பதோ கிரஷருக்குக் கீழே. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பணகுடி, காவல்கிணறு காற்றாடிகளைச் சுற்றுகிற வேகத்தில் கல்பொடியையும் கிளப்பிவிடும். கருங்கல்லில் இருக்கிற படிகக்கல், பிஸ்டன் ஓடுகிற லைனர் குழாயின் இரும்பைவிடக் கடினமானது.

பட்டறை வைத்த புதிதில் ஒரு லாரிக்கு நானே இந்த வேலையைச் செய்தேன். ஓனர் கேட்டார் என்று பில்டர் டப்பாவில் வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். எட்டே மாதத்தில் ஆயில் குடிக்க ஆரம்பித்து, இன்ஜினுக்குள்ளிருந்து ஆவி வெளியேறுகிற பிரீதர் குழாயில் புகை வந்தது. ஹெட்டைக் கழற்றினால் லைனருக்குள் ஆயில் நிற்பதற்காகப் போட்டிருக்கும் குறுக்குக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லை, கண்ணாடி மாதிரி வழவழ என்று கிடந்தது. மேல் விளிம்பில் நகத்தை ஓட்டினால் படி தட்டியது. டர்போ இறக்கையின் முனை பிளேடு போலத் தேய்ந்திருந்தது. முழு இன்ஜின் வேலை. அந்த ஓனர் வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். இன்றைக்கும் அவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். லோடில் கரும்புகை என்றால் முதலில் காற்றுப் பற்றாக்குறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். டப்பாவில் அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் சிவப்பில் நிற்கிறதா பாருங்கள். நின்றால் பில்டரை மாற்றுங்கள். அப்புறம் டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம் வெடித்திருந்தால் மேலிருந்து தெரியாது, கையை விட்டுத் தடவுங்கள். ஆயில் பிசுபிசுப்போடு கீறல் தட்டுப்பட்டால் காற்று அங்கேதான் போகிறது. இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைச் சோதிக்கக் கொடுங்கள்.

தினமும் பில்டரைக் கழற்றி கம்ப்ரஸர் காற்று அடிக்கிறேன். சரிதானே அண்ணாச்சி?
*- ஒரு வாசகர், திசையன்விளை*

தினமும் கூடாது. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் உங்கள் ஊர்ச் சிவப்புத் தேரி மண் கொஞ்சம் உள்ளே விழும். முழு அழுத்தத்தில் அடித்தால் காகிதம் கிழியும். இண்டிகேட்டர் சொன்னால் மட்டும் கழற்றுங்கள், உள்பக்கத்திலிருந்து வெளியே மெதுவாக அடியுங்கள், டயரில் தட்டாதீர்கள். பிறகு இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கிப் போடுங்கள். உள்ளே இருக்கிற சின்ன பில்டருக்குக் காற்றே அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கிற குழாயில் வெள்ளைத் துணியால் ஒரு துடை துடையுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் மண் பில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகிறது என்று அர்த்தம், அன்றைக்கு லோடு ஏற்றாதீர்கள்.