தமிழ்நாட்டு அரசியலில் தனிமனித சுதந்திரம், வரம்புள்ள அரசு என்று பேச ஏன் ஒரு கட்சிகூட இல்லை?

கேள்வி கேட்டவர் கல்லூரியில் அரசியல் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். பாடத்தில் படித்துவிட்டு, நம் ஊரில் அப்படி ஒரு கட்சியைக் காணோமே என்று தேடியிருப்பீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும்.

அப்படி ஒரு கட்சி இருந்தது. 1959இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி. எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று அரசாங்கம் நிற்கக் கூடாது என்பதுதான் அவர்கள் பேச்சு. 1967இல் இங்கே தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் சேர்த்து மக்களவையில் 44 இடம் பிடித்தார்கள். 1974இல் கட்சியே இன்னொன்றில் கரைந்துவிட்டது. இதெல்லாம் தேடினால் உங்களுக்கே கிடைக்கும். நான் எழுத வந்தது எங்கள் பனைமரத்தைப் பற்றி.

எங்கள் வரப்பில் ஒன்பது பனை இருந்தது. 1987 ஜனவரியிலிருந்து கள்ளுக்குத் தடை. பதநீருக்குத் தடை இல்லை. இரண்டும் ஒரே பாளையில் வடிகிற ஒரே சாறுதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காது, அது பதநீர். தடவாமல் கட்டினால் விடிவதற்குள் கள். அதாவது நல்ல குடிமகனுக்கும் குற்றவாளிக்கும் நடுவில் ஒரு விரல் சுண்ணாம்புதான்.

1990, எனக்குப் பன்னிரண்டு வயது. பங்குனி கடைசி. பனையேறி அண்ணன் விடியற்காலையில் ஏறி, இடுப்பில் குடுவையும் பாளை அரிவாளுமாக இறங்கிக்கொண்டிருந்தார். கீழே காக்கிச்சட்டை இரண்டு பேர். ஒருவர் கலயத்துக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். “சுண்ணாம்பு பத்தலையே, இது கள்ளுதானய்யா” என்றார். அப்பா, “பதனிங்க சார், கருப்பட்டி காய்ச்சத்தானுங்க” என்றார். அடுப்பில் வாணலி கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பதினோரு கலயத்தையும் வரப்புக் கல்லிலேயே போட்டு உடைத்தார்கள். சாறு மண்ணில் இறங்க, எறும்பு வரிசை கட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மரம் எங்களுடையது என்பதால் அப்பாவையும் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வழக்கு எதுவும் ஆகவில்லை. வாழ்நாளில் காவல் நிலையப் படி ஏறாத மனுஷன், அடுத்த மாதமே ஐந்து மரத்தைச் செங்கல் சூளைக்கு விற்றுவிட்டார். பனையேறி அண்ணன் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

உடனே “இவனுக்குக் குடிக்கணும், அதற்குத்தான் சுதந்திரம் பேசுகிறான்” என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: எனக்குச் சர்க்கரை, பதநீரே தொடுவதில்லை. குடியால் அழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மதுவிலக்கு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது எனக்குப் புரிகிறது. மரத்தில் இறங்குகிற கள்ளுக்குத் தடை, ஆனால் 2003இலிருந்து சீமைச்சரக்கை டாஸ்மாக் என்று அரசாங்கமே சில்லறையில் விற்கும், வேறு யாரும் விற்கக் கூடாது. இதற்கு மதுவிலக்கு என்று பெயர் சொல்லாதீர்கள். எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது.

இதில் ராஜாஜியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவி மாதிரி) வந்ததும் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதனால் விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டவரும் அவரேதான். பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அதே ஆட்சி. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்த வேண்டாம் என்று, தொண்ணூறு தாண்டிய வயதில், மழையில் கருணாநிதி வீட்டுக்கே போய்க் கேட்டார் என்பார்கள். சுதந்திராக் கட்சித் தலைவரே அரசாங்கம் என் மரத்தில் ஏறலாம் என்றுதான் நினைத்திருக்கிறார்! அவரைக் குறை சொல்லவில்லை, பெரிய மனுஷர். ஆளுக்கு ஒரு விஷயத்தில் அரசாங்கம் தலையிட வேண்டும் என்று தோன்றும் போல.

அதனால்தான் உங்கள் கேள்விக்கு இங்கே ஒரு கட்சி இல்லை என்று நினைக்கிறேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோருக்கும் சுதந்திரம் இனிக்கும். எங்கள் கள் தடைப்பட்ட அதே 1987இல், அட்டைப்படத்தில் ஒரு ஜோக் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதம் சிறை விதித்தது. ஊரே கொதித்ததும் சில நாளில் விட்டார்கள். பிறகு உயர் நீதிமன்றம் ஆயிரம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2003இல் ஆட்சி அதே அ.தி.மு.க.தான், முதல்வர் மட்டும் வேறு ஆள். அப்போதும் இந்து நாளிதழ்க்காரர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் சட்டமன்றம் பதினைந்து நாள் சிறை விதித்தது. நல்லவேளை, உச்ச நீதிமன்றம் தடுத்தது.

அரசாங்கமே வேண்டாம் என்பவனும் இல்லை நான். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவன், எங்கள் மோட்டார் இலவச மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ரேஷன் கடையில் அரசாங்கம் நிற்கட்டும், மரத்தடியில் வந்து கலயத்தை நக்கிப் பார்க்க வேண்டாம் என்கிறேன். இதில் என்ன முரண்பாடு என்று எனக்குப் புரியவில்லை.

சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தேன். பட்டாவில் அவர் பெயரில் ஒரு ‘ச்’ இருக்கிறது, ஆதாரில் இல்லை. அந்த ஒரு ‘ச்’சுக்கு நாலு மாதம், இரண்டு பிரமாணப் பத்திரம், நாலு சாட்சி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஊரே சொல்கிறது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு மட்டும் சந்தேகம். அதற்காகக் கொடுத்த காசை இங்கே எழுத முடியாது.

சரி, பனைக்கு வருகிறேன். 2021இல் பனைமரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். மரம் காப்பாற்றப்பட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஐந்து மரம் சூளைக்குப் போனது எதனால் என்று யாரும் கேட்கவில்லை. மீதி நாலு மரம் வரப்பில் நிற்கிறது. பாளை சீவ ஆள் இல்லை, வெட்டுவதென்றால் மனு போட வேண்டும். சித்திரையில் நுங்கு மட்டும் இறக்கிக்கொள்கிறோம். அதற்கு அனுமதி வாங்கினாயா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.