கம்ப்யூட்டர்ல பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கேம் ஸ்லோவா ஓடுதுன்னு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா?

கேள்வி: ஐ5-3470 போட்ட பழைய டெஸ்க்டாப் இருக்கு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ. எமுலேட்டர்ல (பழைய கன்சோல் கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) பிஎஸ்1 கேமெல்லாம் சூப்பரா போகுது. பிஎஸ்2 போட்டாத்தான் சண்டை சீன் வந்தாலே ஸ்லோமோஷன் ஆகி சவுண்டு இழுக்குது. ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டா சரியாயிடுமா? ரேமும் 16 ஆக்கணுமா?

பதில்: அவசரப்பட்டு கார்டுக்கு காசு கொடுத்துடாதீங்க. நீங்க சொல்றத வச்சுப் பாத்தா மாட்டிக்கிட்டு முழிக்கிறது பெரும்பாலும் ப்ராசசர் தான், கார்டு இல்ல.

அதை நீங்களே செக் பண்ணிடலாம். பிஎஸ்2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 செட்டிங்ஸ்ல ஆன்-ஸ்கிரீன் டிஸ்ப்ளேக்கு போய் ஸ்பீடு, சிபியு, ஜிபியு யூசேஜ் மூணையும் ஆன் பண்ணுங்க, அப்புறம் இழுக்குற அதே சீனுக்குப் போயி இன்டர்னல் ரெசல்யூஷன (படத்த எவ்வளவு தெளிவா வரையணும்ங்கற செட்டிங்) 3எக்ஸ்ல வச்சிருந்தா நேட்டிவுக்கு, அதாவது ஒரிஜினல் பிஎஸ்2 அளவுக்கு, இறக்கிப் பாருங்க. ஸ்பீடு 70லேருந்து 100 பர்சென்ட்டுக்கு ஏறிடுச்சுன்னா கார்டு தான் திணறுது. நேட்டிவ்லயும் அதே 70 தான்னா, ஈஈன்னு (எமோஷன் எஞ்சின், பிஎஸ்2வோட மெயின் ப்ராசசர்) ஒரு வரி காட்டும் பாருங்க, அது பெரும்பாலும் 100கிட்ட ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்ப எந்த கார்டு போட்டாலும் ஒண்ணும் மாறாது. எஃப்பிஎஸ் நம்பர நம்பாதீங்க, ஏன்னா நிறைய கேம் ஒரிஜினல் பிஎஸ்2லயே 30ல தான் ஓடுச்சு, ஸ்பீடு பர்சென்ட் தான் கணக்கு.

ஏன் இப்படின்னா, பிஎஸ்2ல இருந்த எமோஷன் எஞ்சின் வெறும் 294 மெகாஹெர்ட்ஸ் சிப்பு தான், ஆனா அதோட ஒவ்வொரு கட்டளையையும் நம்ம ப்ராசசருக்கு புரியற மாதிரி மாத்தி, கூட இருக்குற வெக்டர் யூனிட் (3டி கணக்கு போடுற பகுதி), சவுண்டு, கிராபிக்ஸ் எல்லாத்தோடயும் நேரம் தப்பாம, ஒரு ஃப்ரேமுக்கு 16.6 மில்லிசெகண்டுக்குள்ள முடிச்சாகணும். ஒண்ணு முடிஞ்சா தான் அடுத்தது, அதனால வேலைய எட்டு கோருக்கு பிரிச்சுக் கொடுக்க முடியாது. பிசிஎஸ்எக்ஸ்2 முக்கியமா மூணு த்ரெட்ட (ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற வேலை) தான் நம்பி இருக்கு, அதுலயும் ஒண்ணு தான் முழு பாரத்தையும் சுமக்குது. ஆக ஒத்தக் கோர் எவ்வளவு வேகம்ங்கறது தான் விஷயம். கோர் நிறைய இருக்கேன்னு பழைய சர்வர் ப்ராசசரான ஸியான் வாங்கிப் போடுறவங்க ஏமாறுறது இங்க தான், 12 கோர் பழைய ஸியான விட 4 கோர் ஐ3-12100 பிஎஸ்2ல நல்லாவே முந்தும்.

உங்க 3470 2012ல வந்தது, ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளைல நிறைய கணக்கு போடுற வசதி, எமுலேட்டருக்கு உதவும்) கிடையாது, அது அடுத்த வருஷம் வந்த இன்டெல் ஹாஸ்வெல் ப்ராசசர்ல தான் வந்துச்சு. அதே சாக்கெட்ல ஐ7-3770 போடலாமேன்னு தோணும், வேணாம், டர்போல (அதிகபட்ச வேகத்துல) 3.6 கிகாஹெர்ட்ஸ் 3.9 ஆகும், அவ்வளவு தான். போர்டு, ப்ராசசர், டிடிஆர்4 ரேம் மூணையும் சேத்து மாத்துங்க. 12100 ரேஞ்சுல ஏதாவது எடுத்துட்டு இருக்குற 750 டிஐயவே கழட்டி அதுல மாட்டிக்கோங்க, 2எக்ஸ், பல கேம்ல 3எக்ஸ் வரைக்கும் அதுவே இழுத்துடும். 4கேல ஆடணும், சிஆர்டி ஷேடர் (பழைய டிவி மாதிரி காட்டுற எஃபெக்ட்) போடணும்னு ஆசை வந்தா அப்ப கார்டப் பத்தி யோசிக்கலாம்.

ரேம் 8 போதும், பிஎஸ்2க்கு அதுக்கு மேல போட்டு பெருசா பிரயோஜனம் இல்ல. கார்டே இல்லாம உள்ள இருக்குற கிராபிக்ஸ்ல ஓட்டுறவங்க மட்டும் ஒரே குச்சியா போடாம ரெண்டு குச்சியா போடுங்க, நல்லாவே வித்தியாசம் தெரியும்.

பின்னாடி பிஎஸ்3 பக்கம் போற ஐடியா இருந்தா இந்தக் கணக்கே மாறிடும். அதோட செல் சிப்புல மெயின் கோருக்கு மேல கேமுக்குன்னே ஆறு எஸ்பியு (துணை ப்ராசசர்) இருந்துச்சு, அதனால பிஎஸ்3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 கோர், த்ரெட் எவ்வளவு இருந்தாலும் தின்னும், 6 கோர் 12 த்ரெட்டுக்கு கீழ வாங்காதீங்க, அங்க 16 ஜிபி ரேமும் வேணும். லேப்டாப்னா இன்னும் ஜாக்கிரதை, பத்து நிமிஷம் சூப்பரா ஓடிட்டு சூடானதும் ப்ராசசர் வேகத்த இறக்கிடும், ரிவ்யூ பாக்கும்போது ரொம்ப நேரம் லோடு கொடுத்த டெஸ்ட்டா பாருங்க.

இன்னொண்ணு, ஸ்பீடு 100 காட்டியும் பட்டன் அமுக்கினா லேட்டா குதிக்குதுன்னா அதுக்கு ஹார்டுவேர் வாங்காதீங்க, டிவில கேம் மோட ஆன் பண்ணிட்டு வந்து ஆடிப் பாருங்க.