கேளுங்கள்: பழைய அமெரிக்கச் சிற்றூர் வங்கிக் கேஷியர்

கே: 1800-களில் சிற்றூர் வங்கிக் கேஷியருக்கு என்ன வேலை சார்? பணம் எண்ணுவதா?

ப: அதுவும் உண்டு. ஆனால் வங்கியை நடத்தியதே அவர்தான். தலைவர் பெரும்பாலும் உள்ளூர் வியாபாரி. தன் கடையைப் பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். பேரேடு, கடிதங்கள், பெட்டகச் சாவி எல்லாம் கேஷியர் பொறுப்பு. அன்று ஒவ்வொரு வங்கியும் தன் நோட்டைத் தானே வெளியிட்டது. வரும் நோட்டு நல்லதா, கள்ளதா என்று பார்க்கத் தனி இதழ்களே வந்தன. தலைவரும் கேஷியரும் மையால் கையெழுத்திட்டால்தான் அச்சடித்த தாள் பணம்.

கே: சம்பளம்?

ப: ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் வங்கிக் கட்டடத்திலேயே குடியிருப்பு. சேரும்போது ஆள்பிணையோடு பத்திரம் எழுதித் தர வேண்டும். கேஷியர் கைவைத்தால் பிணை நின்றவர் சொத்துக்குத்தான் ஆபத்து.

கே: வங்கிக் கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸ் பற்றி?

ப: பிந்தைய கதை. 1876-ல் மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் அவன் கும்பல் வங்கியைக் கொள்ளையடிக்க வந்தபோது, பொறுப்புக் கேஷியர் ஜோசப் ஹேவுட் பெட்டகத்தைத் திறக்க மறுத்து உயிர்விட்டார். சினிமாவை வைத்து எல்லாக் காலத்தையும் எடைபோடாதீர்கள். தொடக்க காலத்தில் வங்கியைக் கவிழ்க்கப் பேனாவே போதும்.

கே: பேனாவா?

ப: ரோட் ஐலண்டின் குளோஸ்டரில் ஃபார்மர்ஸ் எக்ஸ்சேஞ்ச் வங்கி. 1808-ல் அது பாஸ்டன் ஊக வணிகர் ஆண்ட்ரூ டெக்ஸ்டர் கைக்குப் போனது. கேஷியர் வில்லியம் கோல்வெல்லுக்கு அவர் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: வங்கி நேரம் போக மற்ற நேரமெல்லாம் நோட்டில் கையெழுத்துப் போடும், யாருக்கும் தெரிய வேண்டாம். இவரும் இரவில் உட்கார்ந்து போட்டார். 1809-ல் வங்கி விழுந்தபோது வெளியே பல லட்சம் டாலர் நோட்டு. அவற்றுக்கு ஈடாகக் கொடுக்க உள்ளே நாணயமாக 86 டாலர் சொச்சம்!

கே: பாவம் கோல்வெல். முதலாளி சொன்னதைச் செய்தார்.

ப: அந்த நோட்டை வாங்கி ஏமாந்தவர்கள் பாவமில்லையா? இரண்டு கையெழுத்து எதற்கு? ஒருவர் தவறினால் இன்னொருவர் மறுக்கத்தானே.

கே (வேறொருவர்): மறுத்திருந்தால் வேலை போயிருக்கும். வேறு ஆள் வந்து போட்டிருப்பார்.

ப: போடட்டுமே. புதுக் கையெழுத்தென்றால் வாங்குகிறவன் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பான். டெக்ஸ்டருக்குத் தேவைப்பட்டது பழகிய கையெழுத்து. அதைத்தான் கோல்வெல் கொடுத்தார்.

கே: இருந்தாலும் குடும்பஸ்தன்...

ப: குடும்பஸ்தர்கள்தான் அந்த நோட்டையும் வைத்திருந்தார்கள் ஐயா.

கே: கேஷியர் என்றால் பணம் எண்ணுபவர்தானே?

ப: முதல் பதில்.

கே: என்னிடம் பழைய டாலர் நோட்டு இருக்கிறது, விலை போகுமா?

ப: நாணயம், நோட்டு சேகரிப்பவர்களைக் கேளுங்கள்.

கே: கேஷியர் மேஜைக்கடியில் துப்பாக்கி...

ப: சினிமா!

கே: இந்த நோட்டுகள் எப்போது ஒழிந்தன?

ப: 1863-ல் தேசிய வங்கிச் சட்டம் வந்தது. 1865-ல் மாநில அனுமதியில் நடந்த இந்த வங்கிகளின் நோட்டுகள் மீது 10 சதவீத வரி விதித்தார்கள், அதோடு அவை ஓய்ந்தன. தேசிய வங்கி நோட்டிலும் கேஷியர் கையெழுத்து தொடர்ந்தது. கோல்வெல் வழக்கறிஞர்களே, இன்றைக்கு இவ்வளவுதான்.