நல்ல தலைவராக இருக்க விடாமுயற்சி அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். ஆனால் எதை விடாமல் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்பது தெரியாமல் நான் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். அதனால் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினான்கு பேருக்கு மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றேன். மூன்று ஷிப்ட். ஷிப்ட் மாறும் நேரத்தில்தான் எல்லாக் குழப்பமும். இரவில் ஒரு பம்பின் கசிவைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போயிருப்பார். அது தெரியாமல் காலையில் வருபவர் அதை ஓட்டிவிடுவார். அப்புறம் அரை நாள் வேலை கெட்டுப்போகும். சரி, ஒரு பெரிய நோட்டு வாங்கி வைத்தேன். என்ன பழுது, என்ன செய்தோம், என்ன பாக்கி என்று மூன்று கட்டங்கள். முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மூன்றாவது வாரம் எல்லாக் கட்டத்திலும் 'ஒன்றும் இல்லை'. நான்காவது வாரம் நோட்டோடு கட்டி வைத்திருந்த பேனாவையே காணோம்.

கத்தினேன். இரண்டு நாள் எழுதினார்கள், மறுபடி நின்றது. அப்போது மூத்த பிட்டர் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார்: "சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் ஒரு நோட்டு வெச்சார். அவருக்கு முன்னாடி இருந்தவர் போர்டு மாட்டினார். ஒரு மாசம் பொறுத்துக்கிட்டா தானா போயிடும்னு எங்களுக்குத் தெரியும்."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார். மேலே இருப்பவரின் ஆர்வம் எத்தனை நாள் தாங்கும் என்று கீழே இருப்பவர்கள் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. பொறுமைப் போட்டியில் எனக்கு முன்பிருந்த இருவரையும் அவர்கள் சுலபமாக ஜெயித்திருந்தார்கள்.

அதன் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. தினமும் காலை ஷிப்ட் மாறும்போது போய் நின்று, நோட்டைத் திறந்து, இரவு எழுதியதை உரக்கப் படித்து, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பேன். எதுவும் எழுதவில்லை என்றால் திட்ட மாட்டேன். "ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்டு, அவர் முன்னாலேயே நான் எழுதுவேன். முதல் மாதம் பாதிப் பக்கங்களில் என் கையெழுத்துதான். சலிப்பான வேலை. நடுவில் ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன், ஐந்து பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து.

நான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் இரவு ஷிப்ட்காரர் 'மூன்றாம் பம்ப் சீல் தற்காலிகம், ஓட்ட வேண்டாம்' என்று எழுதியிருந்தார். நான் வருவதற்கு முன்பே காலையில் வந்தவர் அதைப் படித்துவிட்டு, பம்பில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் எனக்காக எழுதவில்லை, தங்களுக்காக எழுதினார்கள்.

தலைமையில் விடாமுயற்சி என்றால் பலருக்கும் புயலில் கப்பல் ஓட்டுகிற காட்சிதான் மனதில் வருகிறது. நிஜத்தில் அது பெரும்பாலும் ஒரே கேள்வியை நூறாவது நாளும் சலிக்காமல் கேட்பதுதான்.

கப்பல் என்றதும் துருவப் பயணங்களுக்குப் பேர்போன எர்னெஸ்ட் ஷாக்கிள்டன் நினைவுக்கு வருகிறார். 1909-இல் தென் துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர்தான் இருந்தது. மேலே போனால் திரும்பி வர உணவு போதாது என்று தெரிந்ததும் திரும்பிவிட்டார். 1914-இல் அண்டார்டிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். கரை இறங்குவதற்கு முன்பே, 1915 ஜனவரியில், 'எண்டியூரன்ஸ்' கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. பனி நெருக்கியதில் நொறுங்கி, நவம்பரில் மூழ்கியது. கண்டத்தைக் கடக்கும் திட்டத்தை அவர் அங்கேயே கைவிட்டார். தன்னையும் சேர்த்துக் கப்பலில் இருந்த 28 பேரையும் உயிரோடு ஊர் சேர்ப்பது என்று வேலையை மாற்றிக்கொண்டார். அதில்தான் அவருடைய பிடி விடவே இல்லை. படகுகளில் தப்பி ஒதுங்கிய யானைத் தீவில் 22 பேரை விட்டுவிட்டு, ஐந்து பேரோடு ஒரு சின்னப் படகில் சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். விட்டுவந்தவர்களை மீட்கப் புறப்பட்ட முதல் மூன்று முயற்சிகளும் தோற்றன. நான்காவது முறை, சிலி கடற்படையின் 'யெல்ச்சோ' என்ற சிறு கப்பலில் போய், 1916 ஆகஸ்ட் 30 அன்று 22 பேரையும் ஏற்றி வந்தார். (கண்டத்தின் மறுபக்கத்தில் அவருக்காக உணவுக் கிடங்கு அமைக்கப் போன குழுவில் மூன்று பேர் இறந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.)

துருவத்தை விட்டார், கண்டத்தை விட்டார், ஆட்களை மட்டும் விடவில்லை. எனக்கு அந்தத் தெளிவு இல்லாமல் போனது உதிரிபாகக் கணக்குக்கு வாங்கிய மென்பொருள் விஷயத்தில்.

அதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். எங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை என்று இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. "பழகினால் சரியாகிவிடும்" என்று பதினொரு மாதம் இழுத்தேன். நோட்டு விஷயத்தில் ஜெயித்த தெம்பு வேறு. எதிர்ப்பு வந்தால் பிடித்து நின்றால் போதும் என்று நினைத்துவிட்டேன். பேரி ஸ்டா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பிற்பாடு படித்தேன். வணிகவியல் மாணவர்களிடம் ஒரு நிறுவனத்தின் பணத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். முதல் முடிவைத் தாங்களே எடுத்து அது நஷ்டத்தில் முடிந்தவர்கள்தான், அதே இடத்தில் மிக அதிகமாகப் பணத்தைக் கொட்டினார்கள். கண்ணாடியைப் பார்த்தது போல இருந்தது. நான் மென்பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, என் தேர்வு சரி என்பதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்த முடிவை வேறு யாரோ எடுத்திருந்து, நான் இன்றுதான் பொறுப்புக்கு வந்திருந்தால், இதைத் தொடர்வேனா? நோட்டுக்குப் பதில் ஆம். மென்பொருளுக்கு, மூன்றாவது மாதமே இல்லை என்று சொல்லியிருப்பேன். இன்னொன்று, நம் பிடியின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நோட்டுக்கு நான் சீக்கிரம் எழுந்து போனேன். மென்பொருளுக்கோ ஸ்டோரில் இருந்தவர்தான் தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

பன்னிரண்டாவது மாதம் எல்லோரையும் கூப்பிட்டு, "என் தேர்வு தப்பு, நாளையிலிருந்து இது வேண்டாம்" என்றேன். யாரும் எதுவும் பேசவில்லை. ஸ்டோர்காரர் மட்டும் எழுந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து பழைய பேரேட்டை எடுத்து வந்தார். திறந்து பார்த்தால், அத்தனை மாதமும் ஒரு நாள் விடாமல் கையால் எழுதி வைத்திருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எப்படியும் கேப்பீங்கன்னு தெரியும் சார்" என்றார்.